ஒற்றை விமானமும் ஓர் உத்தமரும்

நம் கல்லூரித் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பயிலும் இளைஞர் ஒருவர், வகுப்பு முடிந்து வெளியே வந்த என்னை வழிமறித்து ஒரு வினா எழுப்பினார். பயிற்சி விமானம் என்பது பயில்வோருக்கு மட்டுமே உரியதா, அன்றி அதைக் கொண்டு போரும் புரியலாமா என்பது அவ்வினா. புரியலாம், புரிந்தும் இருக்கிறார்கள் என்று சுருக்கமாக விடை கூறிவிட்டு நூலகத்தை நோக்கி நடந்தேன். ஆனால் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏனெனில், அந்த வினாவைக் கேட்டதும் என் நெஞ்சில் எழுந்தது ஒரு விமானத்தின் தோற்றம் அன்று; ஒரு மனிதரின் முகம். சுவீடன் நாட்டில் பிறந்து, உலக நாடுகளுக்கெல்லாம் பொதுவானவராய் வாழ்ந்து, ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு கறையான் புற்றின் அருகே உயிரற்றுக் கிடந்த டாக் ஹாமர்ஷீல்டின் முகம். ஒரே ஒரு பயிற்சி விமானத்துக்கு அஞ்சி இரவில் பறக்க நேர்ந்த அப்பெருமகனின் வரலாற்றை, அந்த மாணவருக்குச் சொல்ல மறந்த விடையாக ஈண்டு எழுதுகின்றேன்.

1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், சுவீடனின் யான்சோப்பிங் நகரில், நான்கு புதல்வர்களுள் இளையவராகப் பிறந்தார் ஹாமர்ஷீல்டு. தந்தையார் யால்மர் ஹாமர்ஷீல்டு சட்ட அறிஞர். 1914 முதல் 1917 வரை, முதல் உலகப் போர்க் காலத்தில், அந்நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவர். போரில் எப்பக்கமும் சாராது நடுநிலை காத்தார். ஆனால் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் அவர் பெயரோடு பசி என்னும் சொல்லைக் கூட்டி ஏளனப் பெயர் சூட்டினர். நடுநிலை நிற்பவனுக்கு இருபுறத்திலிருந்தும் கல் விழும் என்பதை அந்தச் சிறுவன் பள்ளிப் பருவத்திலேயே கண்டுகொண்டான் போலும். தந்தையார் உப்சாலா மாவட்டத்தின் ஆளுநராகவும் இருந்தமையால், அந்நகரின் குன்றின்மேல் நிற்கும் பழைய கோட்டையிலேயே இளமைக்காலம் கழிந்தது.

கல்வியில் அவருக்கு இணை அவரே. உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் மெய்யியலும் பொருளியலும் கற்றார். சட்டப் பட்டமும் பெற்றார். 1933இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 31 வயதில் நிதி அமைச்சகத்தின் உயர் செயலாளர். 1941 முதல் 1948 வரை நாட்டின் மைய வங்கிக் குழுவின் தலைவர். 1951இல் அமைச்சரவையில் இடம். எந்தக் கட்சியிலும் அவர் உறுப்பினராகவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஓய்வு கிடைத்தால் சுவீடனின் வடகோடி மலைகளில் ஏறுவார். கையில் கவிதை நூல் ஒன்று இருக்கும். மாணவர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோப்புகளோடு மன்றாடும் அலுவலர் கவிதையும் படிக்கலாம் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1953இல் ஐக்கிய நாடுகள் அவையின் முதல் பொதுச் செயலாளர் டிரிக்வே லீ பதவி விலகும் நிலையில், வல்லரசுகள் ஒருவருக்கொருவர் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயரைத் தேடி அலைந்தன. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கா சொன்ன பெயரை உருசியா ஏற்காது. உருசியா சொன்னதை அமெரிக்கா ஏற்காது. ஈற்றில், தொல்லை தராத ஓர் அலுவலர் என்று இரு தரப்பும் எண்ணிய ஹாமர்ஷீல்டு அகப்பட்டார். செய்தி அவர் காதுக்கு எட்டியது மார்ச் மாதத்தின் கடைசி இரவில். மறுநாள் ஏப்ரல் முதல் நாள் என்பதால், யாரோ தம்மை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்றே அவர் முதலில் கருதினாராம். ஏப்ரல் 10ஆம் நாள் பதவியேற்றார். வயது 47. உலகிலேயே செய்து முடிக்க இயலாத வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நியூயார்க் விமான நிலையத்தில் வரவேற்ற டிரிக்வே லீ சொன்னதாகக் கூறுவர். இவர் தொல்லை தர மாட்டார் என்று நினைத்தவர்கள் எத்துணை ஏமாந்தார்கள் என்பதற்கு எட்டு ஆண்டுகள் சான்று.

முதல் சோதனை 1954இன் இறுதியில் வந்தது. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினர் 11 பேருக்கு ஒற்றர்கள் என்று சீனா சிறைத்தண்டனை விதித்தது. மக்கள் சீனத்துக்கு அன்று ஐ.நா. அவையில் இடமில்லை. இடமே தராத அவையின் தீர்மானத்தைச் சீனா எப்படி மதிக்கும்? ஹாமர்ஷீல்டு ஒரு நுட்பம் செய்தார். அவை இட்ட கட்டளைக்காக வரவில்லை, தம் பதவிக்குரிய பொறுப்பினால் வருகிறேன் என்று அறிவித்து, 1955 ஜனவரியில் தாமே பீக்கிங் சென்று சூ என்-லாயைக் கண்டு பேசினார். வெறுங்கையோடு திரும்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி, அப்பதினொருவரும் விடுதலையாயினர்.

அடுத்து 1956இல் சூயஸ். எகிப்தின் மீது இசுரேல், பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றும் படையெடுத்தபோது, போரிடுவோரின் நடுவே நிற்பதற்கென ஒரு பொதுப்படை வேண்டும் என்று கனடாவின் லெஸ்டர் பியர்சன் கருத்துரைத்தார். அதைச் சில நாட்களுக்குள் உருவாக்கிக் காட்டியவர் ஹாமர்ஷீல்டு. வீரர்களை அடையாளம் காட்ட நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. அமெரிக்கத் தலைக்கவசங்களின் உட்கூடுகளுக்கு நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் தெரியும் நீலக் கவசத்தின் கதை இவ்வளவுதான். இந்திய வீரர்களும் அப்படையில் சென்று நின்றார்கள். சண்டையிடாத படை என்னும் புதுமையில் அவர் பெருமை கொண்டார். அந்தப் பெருமையே பின்னர் காங்கோவில் அவருக்குப் பெருஞ்சோதனையாயிற்று.

1960 ஜூன் 30ஆம் நாள் பெல்ஜியத்தின் பிடியிலிருந்து காங்கோ விடுதலை பெற்றது. ஒரு வாரம் தாண்டுமுன் அதன் படை கலகம் செய்தது. ஜூலை 11ஆம் நாள், செம்பும் கோபால்ட்டும் நிறைந்த கட்டாங்கா மாநிலம் தனிநாடென்று மோயிஸ் ஷோம்பே அறிவித்தார். நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு அம்மண்ணில் இருந்தது. அச்செல்வத்தைத் தோண்டி எடுத்த ஐரோப்பியச் சுரங்க நிறுவனத்தின் ஆதரவு ஷோம்பேக்கு இருந்தது. தலைமை அமைச்சர் பத்ரிஸ் லுமும்பா ஐ.நா. அவையின் உதவியை நாடினார். ஜூலை 14ஆம் நாள் பாதுகாப்பு மன்றம் இசைந்தது. சில மாதங்களில் காங்கோவில் நின்ற ஐ.நா. படையின் தொகை ஆயிரக்கணக்கில் பெருகி, உச்சத்தில் இருபதாயிரத்தை நெருங்கியது. தற்காப்புக்கு அன்றிச் சுடக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி.

இங்கே ஹாமர்ஷீல்டின் மீது பழியும் உண்டு. கட்டாங்காவைப் படைகொண்டு அடக்க வேண்டும் என்ற லுமும்பாவின் வேண்டுகோளை அவர் ஏற்கவில்லை. உள்நாட்டு அரசியலில் ஐ.நா. படை ஒரு தரப்பாகக் கூடாது என்று நின்றார். 1961 ஜனவரி 17ஆம் நாள் லுமும்பா கட்டாங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஐ.நா. படை நாட்டில் இருக்கும்போதே இது நடந்தது. நடுநிலை என்பது சில வேளைகளில் வலியவனுக்குத் துணைபோகும் என்ற குற்றச்சாட்டை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அவரும் தள்ளியதாகத் தெரியவில்லை. அதற்கு முன்பே, 1960இல், உருசியத் தலைவர் குருஷேவ் அவையில் அவரைப் பதவி விலகச் சொல்லி மேசையைக் குலுக்கினார். ஒருவருக்குப் பதிலாக மூவர் அமர வேண்டும் என்றார். தம் பதவி வல்லரசுகளுக்காக இல்லை, பாதுகாப்புத் தேவைப்படும் சிறிய நாடுகளுக்காக இருக்கிறது, அவர்கள் விரும்பும் வரை தாம் விலகுவதாயில்லை என்னும் பொருள்பட ஹாமர்ஷீல்டு விடையிறுத்தபோது அவை எழுந்து நின்று கையொலி எழுப்பிற்று.

1961 பிப்ரவரி 21ஆம் நாள் பாதுகாப்பு மன்றம், உள்நாட்டுப் போரைத் தடுக்க இறுதி வழியாகப் படைவலிமையையும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. கட்டாங்காவின் படையில் பெல்ஜியம், பிரான்சு, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் கூலிப்படையினர் நிறைந்திருந்தனர். அவர்களை வெளியேற்ற வேண்டும் என்பதும் அத்தீர்மானம். இந்தியா ஒரு முழுப் பிரிகேடை அனுப்பியது. பிரிகேடியர் கே. ஏ. எஸ். ராஜா அதன் தலைவர். அயர்லாந்து, சுவீடன் நாட்டு வீரர்களும் இவர்களோடு கட்டாங்காவில் நின்றனர்.

நம் மாணவரின் வினாவுக்கு இப்போது வருவோம்.

கட்டாங்கா அரசு பிரான்சிலிருந்து பூகா மஜிஸ்டர் என்னும் ஜெட் பயிற்சி விமானங்களை வாங்கியிருந்தது. 1961இன் தொடக்கத்தில் மூன்று வந்து சேர்ந்தன. 1952இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், ஜெட் விமானம் ஓட்டக் கற்பிப்பதற்கென்றே வடிக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின் ஒருவராய் அமர இரண்டு இருக்கை. இரு சிறிய ஜெட் பொறிகள். நீண்டு மெலிந்த சிறகுகள். வால் மட்டும் மற்ற விமானங்களைப்போல் இராமல், விரித்த இரு விரல்களைப்போல் மேல்நோக்கிப் பிளந்து நிற்கும். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அக்காலப் போர் விமானங்களோடு ஒப்பிட்டால் குதிரைமுன் கழுதைதான்.

ஆயினும் அதன் மூக்கில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. சிறகின் அடியில் சிறு குண்டுகளோ ராக்கெட்டுகளோ மாட்டலாம். பயிற்சி விமானத்துக்கு ஆயுதம் எதற்கு என்று கேட்கலாம். பறக்கக் கற்றவன் அடுத்துச் சுடவும் குண்டு வீசவும் கற்க வேண்டும் அல்லவா? அந்தப் பாடத்துக்காக வைக்கப்பட்டவை அவை. தாளில் வரைந்த இலக்கைச் சுடும் துப்பாக்கி மனிதனையும் சுடும். மேலும் இவ்வகை விமானம் விலை மலிவு. பழுது பார்ப்பது எளிது. நீண்ட ஓடுதளம் வேண்டியதில்லை. நடுத்தர விமானியும் இயக்கலாம். எதிரியிடம் போர் விமானமும் விமான எதிர்ப்புப் பீரங்கியும் இருந்தால் இது ஒரு நாளும் தாங்காது. எதிரியிடம் அவை இரண்டும் இல்லையென்றால் வானம் முழுவதும் இதன் ஆட்சி.

ஐ.நா. படையிடம் அவை இரண்டும் இல்லை. அமைதிப் படைக்குப் போர் விமானம் எதற்கு என்று எண்ணியே அனுப்பியிருந்தார்கள். ஆட்களையும் அரிசி, மருந்து, எரிபொருளையும் ஏற்றிச் செல்லும் போக்குவரத்து விமானங்களே அவர்களிடம் இருந்தன. மூன்று பூகாக்களில் ஒன்று விபத்தில் அழிந்தது. கூலிப்படையினரைப் பிடிக்க ஆகஸ்டு 28ஆம் நாள் நடந்த நடவடிக்கையில் ஒன்று எலிசபெத்வில் விமான நிலையத்தில் ஐ.நா. வசமாயிற்று. எஞ்சியது ஒன்று. அதைக் கொல்வெசி என்னும் சுரங்க நகரின் ஓடுதளத்தில் வைத்திருந்தார்கள். கூலிப்படை விமானி அதை ஓட்டினார்.

செப்டம்பர் 13ஆம் நாள் விடியலில், எலிசபெத்வில் நகரின் வானொலி நிலையம், அஞ்சல் அலுவலகம் முதலிய இடங்களை ஐ.நா. படை கைப்பற்ற முயன்றது. இந்நடவடிக்கைக்கு மோர்த்தோர் என்று பெயர். முறித்துப் போடுவது என்று பொருள்படும் இந்திச் சொல். காரியம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினார்கள். முடியவில்லை, சண்டை மூண்டது. அப்போது ஹாமர்ஷீல்டு நியூயார்க்கிலிருந்து காங்கோவுக்கு வந்துகொண்டிருந்தார். துப்பாக்கிச் சூடு தொடங்கிய செய்தி வழியில்தான் அவரை எட்டியது. தாம் அமைதி பேச வரும் நாளில், தம் படையே போரில் இறங்கிவிட்டதை அறிந்த அம்மனிதர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

வானில் அந்த ஒற்றைப் பூகா தோன்றியது. எலிசபெத்வில்லில் ஐ.நா. நிலைகள் மீது குண்டு வீசிற்று. ஓடுதளங்களில் நின்ற போக்குவரத்து விமானங்களையும் தாக்கி அழித்தது. ஜாடோவில் நகரில் ஏறத்தாழ 155 பேர் கொண்ட அயர்லாந்துப் படைப்பிரிவு ஒன்று, தளபதி குவின்லன் தலைமையில் முற்றுகையிடப்பட்டிருந்தது. பெரும்பாலோர் இருபது வயதை எட்டாதவர்களும் எட்டியவர்களுமான இளைஞர்கள். அதற்கு முன் போரைக் கண்டறியாதவர்கள். பதுங்கு குழியில் இருந்தபடி அவர்கள் தரைப்படையை எதிர்த்து நின்றார்கள். தலைக்கு மேலே வந்து போகும் விமானத்தைத்தான் என்ன செய்வது? குறைந்த உயரத்தில் வரும்போது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு அதைச் சற்று விலகிப் பறக்கச் செய்தார்கள், அவ்வளவே. அவர்களை மீட்கச் சென்ற அயர்லாந்து வீரரும் கூர்க்கா வீரரும் லுஃபிரா ஆற்றுப் பாலத்தருகே தடுக்கப்பட்டனர். அங்கும் பூகா வந்து தாக்கிற்று. தண்ணீரும் குண்டும் தீர்ந்தபின், செப்டம்பர் 17ஆம் நாள் குவின்லன் சரணடைந்தார். அவர் வீரர்களுள் ஒருவரும் சாகவில்லை. ஆயினும் சரணடைந்தவர்கள் என்ற பெயரோடு பல்லாண்டுகள் அவர்கள் நாட்டில் தலைகுனிந்து வாழ நேர்ந்தது. அரசு அவர்களுக்கென்று பதக்கம் வழங்கியது 2017இல்தான். அதற்குள் பலர் மறைந்திருந்தனர்.

ஹாமர்ஷீல்டு போர் விமானங்களைக் கேட்டார். எத்தியோப்பியா தருவதற்கு இசைந்தது. ஆனால் அவை பிரிட்டனின் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க வானில் பறந்து வர வேண்டும். அதற்கான அனுமதியைப் பிரிட்டன் உடனே வழங்காமல் காலம் தாழ்த்திற்று. போர் விமானத்தை விரும்பாதவர் அதற்காக மன்றாடினார். மன்றாடியும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. பாதுகாப்பு மன்றத்தில் கை தூக்கிய நாடுகளே களத்தில் கையை விரித்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருவதை மறைப்பானேன்?

அவர் முன் இருந்த வழி ஒன்றே. ஷோம்பேயை நேரில் கண்டு போர் நிறுத்தம் பேசுவது. வடக்கு ரொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், எல்லையை ஒட்டிய இந்தோலா நகரில் சந்திப்பதென்று முடிவாயிற்று. லியோபோல்ட்வில்லிலிருந்து இந்தோலாவுக்கு நேர்வழி கட்டாங்காவின் மேல் செல்கிறது. பகலில் அவ்வழியே போனால் பூகாவின் வாயில் விழ வேண்டியதுதான். காவலுக்கு வர ஒரு போர் விமானமும் இல்லை. எனவே இரவில் செல்வது. கட்டாங்காவைத் தொடாமல் கிழக்கே டாங்கனீகா ஏரிப் பக்கமாகச் சுற்றிச் செல்வது. வானொலியில் பேசாமல் செல்வது. புறப்படும்போது வேறோர் ஊரின் பெயரைக் குறிப்பேட்டில் பதிவது. உலக நாடுகளின் பொதுச் செயலாளர் ஒரு பயிற்சி விமானத்துக்கு ஒளிந்து, இருளில் பதுங்கிப் போக வேண்டியிருந்தது.

அவருக்கென ஒதுக்கப்பட்ட விமானம் ஆல்பர்ட்டினா என்னும் டி.சி.-6, சுவீடன் நிறுவனம் ஒன்றுக்கு உரியது. அன்று காலைதான் அது எலிசபெத்வில் சென்று திரும்பியிருந்தது. அங்கே தரையிலிருந்து சுட்ட குண்டு ஒன்று அதன் பொறிப் பகுதியில் பட்டிருந்தது. அதைச் சரிசெய்து ஆயத்தமாக்கினார்கள். 1961 செப்டம்பர் 17ஆம் நாள் மாலை ஐந்து மணி அளவில் ஹாமர்ஷீல்டு ஏறினார். அவரோடு அலுவலரும் காவலரும் விமானப் பணியாளருமாக மொத்தம் 16 பேர். பெண் ஒருவரும் உண்டு. அந்நாட்களிலும் அவர் மார்ட்டின் பூபர் என்ற மெய்யியலாரின் நூல் ஒன்றைச் சுவீடிய மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். போர் முழக்கத்தின் நடுவே, மனிதன் மனிதனோடு எவ்வாறு உரையாடுவது என்பதைப் பற்றிய நூல் அது.

நள்ளிரவைக் கடந்து பத்து நிமிடம் ஆனபோது இந்தோலாவின் விளக்குகள் தெரிகின்றன என்று விமானி அறிவித்தார். அதன்பின் குரல் இல்லை. விமான நிலையத்தில் காத்திருந்தவர்கள் சிறிது நேரம் பார்த்தார்கள். பொதுச் செயலாளர் மனம் மாறி வேறெங்கோ போயிருப்பார் என்று கருதினார்கள். விளக்கை அணைத்து நிலையத்தை மூடிவிட்டார்கள். பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், காட்டில், ஆல்பர்ட்டினா எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரே மீட்புக் குழு அங்கே சென்றது. காவலர் ஹரால்ட் ஜூலியன் ஒருவர் மட்டும் உயிரோடு கிடந்தார். ஏறத்தாழ பதினைந்து மணி நேரம், தீக்காயங்களோடு, அதில் பாதி நேரம் கடும் வெயிலில்! வெடிச்சத்தம் கேட்டதென்றும் வானில் தீப்பொறிகள் பறந்தன என்றும் அவர் மருத்துவமனையில் சொன்னார். செப்டம்பர் 23ஆம் நாள் அவரும் இறந்தார். ஹாமர்ஷீல்டின் உடல் தீயில் கருகவில்லை. சிதைவுகளுக்கு அப்பால் ஒரு கறையான் புற்றில் சாய்ந்தவாறு இருந்தது.

விமானியின் பிழையே காரணம் என்று ரொடீசிய அரசின் விசாரணை முடிவு கட்டியது. விமானம் தாழப் பறந்து மரங்களில் மோதியது என்றார்கள். அந்தக் காட்டில் கரி மூட்டம் போட்டுப் பிழைத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், அன்றிரவு வானில் இன்னொரு சிறு விமானத்தைக் கண்டதாகச் சாட்சி சொன்னார்கள். அச்சாட்சியத்தை விசாரணை பொருட்படுத்தவில்லை. சொன்னவர்கள் கறுப்பர்கள், ஆண்டவர்கள் வெள்ளையர்கள் என்பதை நினைவிற்கொண்டால் வியப்பு ஏதுமில்லை. 1962இல் ஐ.நா. அவை அமைத்த குழு, எந்தக் காரணத்தையும் உறுதிப்படுத்தவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை.

பூகாதான் சுட்டு வீழ்த்திற்றா? கொல்வெசியிலிருந்து இந்தோலா நானூறு கிலோமீட்டருக்கும் மேல். அத்தொலைவு சென்று, இருளில் ஒரு விமானத்தைத் தேடிப் பிடித்து, சுட்டுவிட்டுத் திரும்ப அந்தச் சிறு விமானத்தின் எரிபொருள் போதாது என்பர் ஒரு சாரார். நடுவில் வேறு ஓடுதளத்தில் இறங்கியிருக்கலாமே என்பர் மற்றொரு சாரார். 2011இல் சூசன் வில்லியம்ஸ் என்னும் வரலாற்றாசிரியை எழுதிய நூல் இவ்வினாவை மீண்டும் எழுப்பிற்று. 2015 முதல் தான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி முகமது சாண்டே ஒத்மான் ஐ.நா. அவைக்காக ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்த தாக்குதலோ அச்சுறுத்தலோ விபத்துக்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று 2017இல் அவர் அறிக்கை தந்தார். சில நாடுகள் தம் ஆவணங்களை முழுமையாகத் திறக்கவில்லை என்றும் குறை கூறினார். கட்டாங்காவிடம் பறக்கத்தக்க விமானம் அந்த ஒன்று மட்டுந்தானா என்பதும் மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. என் கருத்தைக் கேட்டால், பூகா அவரைச் சுட்டதோ இல்லையோ, அவரை இருட்டுக்குள் துரத்தியது அதுவே என்பேன். அதற்கு எந்த ஆவணமும் திறக்கப்பட வேண்டியதில்லை.

அவருடைய உடல் உப்சாலாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, செப்டம்பர் 29ஆம் நாள் குடும்பக் கல்லறையில் அடக்கமாயிற்று. 1961ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மறைந்தபின் அப்பரிசு பெற்றவர் அவர் ஒருவரே. நியூயார்க் இல்லத்தில் அவர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு ஒன்று கிடைத்தது. 1963இல் அது நூலாக வந்தபோது, அவரோடு நாள்தோறும் பணி செய்தவர்களும் வியந்தார்கள். தாம் செய்த அரசியல் பணி எதைப் பற்றியும் அதில் அவர் எழுதவில்லை. முழுவதும் தம் மனத்தோடு நடத்திய வழக்கு.

அவர் கேட்டுக் கிடைக்காத போர் விமானங்கள், அவர் மறைந்த சில வாரங்களுக்குள் வந்து சேர்ந்தன. எத்தியோப்பியாவின் சேபர், சுவீடனின் பீப்பாய் வடிவான ஜெட், இந்திய விமானப்படையின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள். 1961 டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டபோது நம் கான்பெராக்கள் கொல்வெசி ஓடுதளத்தைத் தாக்கின. வானில் கட்டாங்காவின் ஆட்சி அத்தோடு குலைந்தது. அதே டிசம்பர் 5ஆம் நாள் எலிசபெத்வில்லில், சாலைத் தடையைத் தகர்க்கச் சிறு கூர்க்கா அணியோடு பாய்ந்த காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிர்நீத்தார், ஐ.நா. பணியில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. 1963 ஜனவரியில் கட்டாங்காவின் பிரிவினை முடிவுற்றது.

பயிற்சி விமானங்கள் போருக்குப் போவது அத்தோடு நின்றுவிடவில்லை. 1967 ஜூன் போரில் இசுரேல் தன் விமானப் பயிற்சிப் பள்ளியின் பூகா மஜிஸ்டர்களையே ராக்கெட் பொருத்தி, எகிப்து, ஜோர்டான் தரைப்படைகளுக்கு எதிராக அனுப்பியது; தாழப் பறந்த அவற்றுள் சில திரும்பவில்லை. வியட்நாமில் அமெரிக்கா தன் டி-37 பயிற்சி விமானத்துக்கு வலிமையான பொறி பொருத்தி, ஏ-37 என்று பெயர் மாற்றித் தாக்குதலுக்கு அனுப்பியது. நைஜீரிய உள்நாட்டுப் போரில் செக்கோஸ்லோவாக்கியாவின் டெல்பின் பயிற்சி விமானங்கள் குண்டு வீசின. மாணவ நண்பருக்கு இப்பட்டியல் போதும் என்று நினைக்கிறேன்; மிச்சத்தை அவர் நூலகத்தில் தேடிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1970களில் அயர்லாந்து விமானப்படை தன் இளைஞர்களுக்கு ஜெட் விமானம் ஓட்டக் கற்பிக்க ஒரு பயிற்சி விமானத்தைத் தேர்ந்து வாங்கிற்று. பூகா மஜிஸ்டர்தான். 1990களின் இறுதிவரை அவை அந்நாட்டில் பறந்தன. வெள்ளித் தகைவிலான் குருவிகள் என்று பொருள்படும் பெயரோடு விழாக்களில் அணிவகுத்து வித்தையும் காட்டின. ஜாடோவில்லின் பதுங்கு குழியில் கிடந்தவர்களுள் சிலர், தம் ஊரின் வானில் அந்தப் பிளந்த வாலை மீண்டும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.